மெர்சிங்கில் ரயில் நிலையம் இல்லை

சிவகாசியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியோடு மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போக வேண்டுமாம். "மாமா, மெர்சிங் ஸ்டேஷன்ல இறங்குனா படகுத்துறைக்கு நடந்தே போயிரலாம்ல?"

நடந்து போகலாம்தான். இறங்குவதற்கு ஸ்டேஷன்தான் இல்லை. இதே கேள்வியைச் சென்னைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், கோயம்புத்தூர்க்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு ரயில் என்றதும் நம்மவர் மனத்தில் பாதி சினிமாவும் பாதி ஊர் அனுபவமும் கலந்து ஒரு படம் ஓடுகிறது. அந்தப் படத்தில் எது மெய், எது பொய் என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

"கிழக்குக் கரை ரயில் கடலோரமாகத்தான் போகும். மெர்சிங் வழியில் வரும்."

பெயர் செய்கிற வேலை இது. மலேசியாவின் கிழக்குக் கரைப் பாதை கெமாஸில் மேற்குப் பாதையிலிருந்து பிரிந்து கிளந்தானின் தும்பாட் வரை 526 கிலோமீட்டர் போகிறது. 1931-இல் முழுமை பெற்றது. ஜெராண்டுட், குவாலா லிப்பிஸ், குவா மூசாங் என்று நாட்டின் நடுவயிற்றுக் காட்டுக்குள்ளேயே ஓடும் பாதை. பயணிகள் அதற்கு வைத்த 'காட்டு ரயில்' என்ற பெயர்தான் பொருத்தம். கடல் பக்கம் அது எட்டிப் பார்ப்பது கடைசி நிலையமான தும்பாட்டில்தான். அந்தக் காலத்தில் பகாங்கின் தலைநகரம் குவாலா லிப்பிஸ். குவாந்தானுக்கு மாறியது பிற்பாடு. அன்றைக்கு ரயிலுக்கு வேலை இருந்தது உள்நாட்டில். கடற்கரை ஊர்களுக்குப் படகு போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் இதன் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தண்டவாளத்தையாவது போர் முடிந்தபின் மறுபடி போட்டார்கள்.

சரி, கிழக்குக் கரையில் புதிதாக ஒரு ரயில் பாதை கட்டுகிறார்களே, அது? கோத்தா பாருவில் தொடங்கும் அந்த 665 கிலோமீட்டர்ப் பாதை குவாலா திரங்கானு, குவாந்தான் என்று வந்து மேற்கே திரும்பி, கோம்பாக் வழியாகப் போர்ட் கிள்ளானுக்குப் போய்விடும். மெர்சிங் இருக்கிற ஜொகூரைத் தொடவே தொடாது.

"பக்கத்து ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டால் ஆயிற்று. ரயில்தான் சீக்கிரம்."

பக்கத்து ஸ்டேஷன் குளுவாங். மெர்சிங்கிலிருந்து சாலை வழியே எண்பது கிலோமீட்டருக்கு மேல். இதைப் பக்கம் என்று சொன்னால் மதுரைக்கு விருதுநகர் கொல்லைப்புறம். பத்துபகாட்டில் தொடங்கி குளுவாங் வழியாக மெர்சிங்கில் முடியும் ஐம்பதாம் எண் கூட்டரசுச் சாலை அது. வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். 1941-இல் ஆஸ்திரேலியப் படை மெர்சிங் கடற்கரையில் கண்ணிவெடி புதைத்துக் காத்திருந்ததும் இந்தச் சாலையை நினைத்துத்தான். ஜப்பானியர் இங்கே கரையேறினால் நேராகக் குளுவாங்கின் விமானத் தளத்துக்கும் ரயில் பாதைக்கும் போய்விடுவார்கள் என்ற பயம்.

கணக்கு இதுதான்: கோலாலம்பூரிலிருந்து ரயிலில் குளுவாங் வந்து, அங்கே பேருந்தோ வாடகைக் காரோ தேடி மெர்சிங் போவதைவிட, கோலாலம்பூரின் தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தில் மெர்சிங் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிடுவது சுலபம். அந்த முனையத்தை ஒட்டியே பண்டார் தாசிக் செலாத்தான் ரயில் நிலையம் இருக்கிறது. ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் லார்கின் முனையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து கோத்தா திங்கி வழியாக மெர்சிங் சுமார் 130 கிலோமீட்டர்.

இருந்தாலும் குளுவாங்கை முழுவதும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1938-இலிருந்து அந்த ரயில் நிலையத்தோடு பெயர் ஒட்டிக்கொண்ட ஒரு காப்பிக் கடை உண்டு. கரியடுப்பில் வாட்டிய ரொட்டிக்குள் வெண்ணெயும் காயா ஜாமும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, தடித்த கோப்பையில் கறுத்த காப்பி. அவசரமில்லாதவர்கள் இதற்காகவே குளுவாங்கில் இறங்கலாம். அவசரக்காரர்கள் பேருந்தில் போங்கள்.

"மீட்டர் கேஜ் என்றால் கட்டை வண்டிதானே?"

தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் போன தலைமுறைக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. மலேசியாவில் முக்கியப் பாதைகள் இன்றும் மீட்டர் கேஜ்தான். அதே பாதையில் இ.டி.எஸ். மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கெமாஸுக்குத் தெற்கே ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்கி மின்மயமாக்கிய பிறகு, 2025-இல் அந்த வண்டி குளுவாங்குக்கும் வந்துவிட்டது.

"டிக்கெட் கிடைக்காவிட்டால் ஏறிக்கொள்வோம். டி.டி.ஆரிடம் பேசிக்கொள்ளலாம்."

பேச முடியாது. மின்ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவு. காத்திருப்போர் பட்டியல் கிடையாது, ஆர்.ஏ.சி. கிடையாது, முன்பதிவில்லாத பெட்டி என்று தொங்கிக்கொண்டு போக ஒன்றும் கிடையாது. இடம் இருந்தால் டிக்கெட், இல்லையென்றால் இல்லை. பதிவு செய்யும்போது கடப்பிதழ் எண் கேட்பார்கள். அதில் ஒரு எழுத்து மாறினாலும் வீண் தொல்லை. கோலாலம்பூர் சென்ட்ரல் போன்ற பெரிய நிலையங்களில் வண்டி வருவதற்குச் சற்று முன்புதான் நடைமேடைக்கு இறங்க விடுவார்கள். வழியனுப்ப வந்த எட்டுப் பேரும் ஜன்னலோரம் நின்று கையசைப்பதெல்லாம் இங்கே நடக்காது.

"சிங்கப்பூரில் ஏறினால் நேராகக் கோலாலம்பூரில் இறங்கலாம்."

ஒரு காலத்தில் உண்மை. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பியது. அதை ஓட்டிப் போனவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம், இன்றைய மலேசிய மாமன்னர். மறுநாளிலிருந்து மலாயா ரயில் சிங்கப்பூருக்குள் வருவது உட்லண்ட்ஸ் வரைதான். 2015 ஜூலையில் தொடங்கிய தெப்ராவ் ரயில் உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடுகிறது. ஐந்து நிமிடப் பயணம். ஜொகூர் பாருவில் ஏறினால் ஐந்து மலேசிய ரிங்கிட். அந்தப் பக்கம் ஏறினால் ஐந்து சிங்கப்பூர் டாலர், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அதே பாலம், அதே வண்டி!

இதில் பலர் கோட்டைவிடுவது பெயரில். உட்லண்ட்ஸ் எம்.ஆர்.டி. நிலையம் வேறு, உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடி வேறு. எம்.ஆர்.டி.யில் இறங்கி "மலேசியா ரயில் எங்கே?" என்று பெட்டியை உருட்டிக்கொண்டு திரிபவர்களை நானே பார்த்திருக்கிறேன். சாவடிக்கு அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ பிடித்தாக வேண்டும். 2026 இறுதியைக் குறிவைத்துக் கட்டப்படும் விரைவு ரயில் தொடர்பு உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகாருக்கு நான்கு கிலோமீட்டர். அதிலும் கோலாலம்பூருக்கு நேராகப் போக முடியாது. மாறித்தான் ஆக வேண்டும்.

கூடவே ஒன்று: மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் பெரும்பாலோர் மின்னிலக்க வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். 2024 முதல் இது கட்டாயம். ரயிலில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும் ஒன்றுதான். மறுபடி சிங்கப்பூருக்குத் திரும்புகிறவர்கள் அங்கே இன்னொரு முறை நுழைய விசா செல்லுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரயில் பாஸ் வாங்கிவிட்டால் லாபம்."

மலேசியாவை விடுங்கள், இந்த நம்பிக்கை ஜப்பானிலேயே உடைந்துவிட்டது. ஏழு நாள் சாதாரணப் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆனது. தோக்கியோ–கியோத்தோ போய்வர 28,000 யென் அளவில் ஆகிறது. அந்த ஒரு பயணம் மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். ஐரோப்பாவில் பாஸ் கையில் இருந்தாலும் பிரான்சின் அதிவேக வண்டியில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

"ரயில் நேரத்தை வைத்து மற்றதைத் திட்டமிட வேண்டும்."

மெர்சிங்கில் இது தலைகீழ். படகுத்துறை மெர்சிங் ஆற்றில் இருக்கிறது. ஆற்று வாயில் ஆழம் குறைவு. நீர் வற்றினால் படகு நகராது. அதனால் தியோமான் படகு தினமும் ஒரே மணிக்குக் கிளம்புவதில்லை. கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நேரம் நாளுக்கு நாள் மாறும்: இன்று காலையில் போனால், சில நாள் கழித்து மதியம் தாண்டிப் போகலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. படகுகள் குறையும், தீவில் விடுதிகள் பலவும் மூடியிருக்கும். போகிற போக்கில் இன்னொரு பொய்யையும் திருத்திவிடுகிறேன்: தியோமான் ஜொகூரைச் சேர்ந்ததல்ல. படகு ஏறுவது ஜொகூரில், இறங்குவது பகாங்கில்.

அக்கா மகன் டிசம்பரில் வருவதாக இருந்தான். மார்ச்சுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதேதான்: முதலில் படகுக் கம்பெனிக்குப் போன் செய்து, போகிற நாளில் கடல் நேரம் என்ன என்று கேளுங்கள். அதற்கேற்ற பேருந்தைப் பிடியுங்கள். ரயில் டிக்கெட்டை எல்லாவற்றுக்கும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.