கார்த்திகைப்பூக் கொடி: நடுகையும் எச்சரிக்கையும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பலரும் கார்த்திகைப்பூக் கொடியை வேலியோரத்திற் கண்டிருப்பர். மாரி தொடங்கியதும் தானே முளைத்து, இலை நுனிச் சுருளினாற் கிளுவைக் கதியாலைப் பற்றி ஏறி, கார்த்திகையிற் பூத்து, மழை ஓய்ந்தபின் வாடி மறைவது அது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்படும் 99 பூக்களுள் முதலாவதாக வரும் செங்காந்தள் இதுவே. இதனை முற்றத்தில் வளர்க்க விரும்புவோர் முதலில் ஒன்றை அறிதல் வேண்டும். இக்கொடியின் எல்லா உறுப்பும் நஞ்சாகும். கிழங்கும் விதையும் மிகக் கொடியன.

கிழங்கு கலப்பைபோல வளைந்து, பெரும்பாலும் இரு கவருடையதாய் இருக்கும். முளைக்கண் கவரின் நுனியில் மட்டுமே உண்டு. ஆதலால் உருளைக்கிழங்கைப்போல் இதனைத் துண்டுகளாக வெட்டி நடலாகாது. நுனியற்ற துண்டு மண்ணில் அழுகுமேயன்றி முளையாது. கவர்கள் கூடும் இடத்திற் பிரித்து, ஒவ்வொன்றையும் நுனி முறியாமல் எடுத்துக்கொள்க. தொடக்கக்காரர் பலர் இழப்பது இந்நுனியையே. விதையிட்டும் வளர்க்கலாம், ஆயின் பூக்காணச் சில ஆண்டுகள் செல்லும்.

ஆவணிக் கடைசியிலோ புரட்டாதியிலோ நடுக. நீர் தேங்காத செம்மண் ஏற்றது. வயற்கரைக் களிநிலம் ஆகாது. மக்கிய எருவைக் கலந்து, 3 அங்குல ஆழத்திற் கிழங்கைக் கிடையாக வைத்து, ஓரடிக்கு ஒன்றாக நடலாம். முளை தோன்றும்வரை ஈரம் காயாதிருந்தாற் போதும். மிகு நீர் கிழங்கை அழுகச் செய்யும். பற்றி ஏறக் கிளுவைக் கம்பு ஒன்றை நடுகையின்போதே ஊன்றிவிடுக. பின்னர் ஊன்றினாற் கிழங்கு காயப்படும். கறுப்பு உடலில் வெண்புள்ளியும் செம்புள்ளியுமுடைய புழுக்கள் இலையைத் தின்னக் கண்டால், கையுறையணிந்து பொறுக்கி அழித்துவிடுக.

கொடி காய்ந்தபின் கிழங்கைத் தோண்டுவோர், இராசவள்ளியோ வற்றாளையோ இட்ட கடகத்தில் அதனைப் போடவே கூடாது. மண் படிந்த நிலையில் வேற்றுமை தெரியாது. உண்ணும் கிழங்கென்று மயங்கிச் சமைத்து உயிரிழந்தோர் இந்நாட்டில் உளர். தனிப் பானையில் உலர்மணலில் இட்டு, அடையாளம் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க. மரக்கறிப் பாத்தியைக் கொத்தும்போது அகப்படும் கிழங்குக்கும் இதுவே விதி. மீதியான கொடியை ஆடுமாடுகளுக்கு இடாதீர்கள். தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர். விதையிலிருந்து எடுக்கப்படும் கொல்கிசின் ஒருவகை மூட்டுவாதத்துக்கு மருந்தாகும். அம்மருந்தும் அளவு மிஞ்சினால் உயிரைக் கொள்ளும். ஆகையால் வீட்டிற் கிழங்கை அரைத்து வைத்தியம் பார்ப்பது பேராபத்து.

எவரேனும் தவறுதலாக உண்டுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றச் சில மணிநேரம் ஆகலாம். அதுவரை காத்திராது, எஞ்சிய கிழங்குத் துண்டையும் எடுத்துக்கொண்டு, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.