மில்லுக்குத் தெரிந்தது, சர்வர் அறைக்கும் வேண்டும்

நம்பிக்கை: "கையில ஒண்ணுமே அடிக்கலீங்களே, அப்பறம் எப்படிங்க கார்டு போவும்?"

பல்லடம் சாலையில் ஒரு நூற்பாலை. பெரிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை ரேக்கில் ஏற்றுமுன், எடை குறையட்டும் என்று கார்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பி கேட்டது இது. மாசி மாத மத்தியானம், பாலியெஸ்டர் சட்டை. கழற்றிய கார்டைத் தெர்மாகோல் மேல் வைத்திருந்தார்.

உண்மை: நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் விரலுக்கே சுரீர் என்று உறைக்கும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே போதும். அன்றைக்கே செத்த கார்டை மாற்றிவிடலாம். அரைகுறையாக அடிபட்டதுதான் கொடுமை. சில மாதம் ஓடிவிட்டு, ஒரு ராத்திரி ஷிப்டில் நின்றுபோகும். அந்த மாசி மத்தியானம் அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

மில்காரர்களுக்கு இது புதிதில்லை. ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் பிடித்து வைக்கிறார்கள். காற்று காய்ந்தால் இழையில் நிலைமின்சாரம் ஏறும். ரோலரில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு கவனம். இந்தப் பக்கம், ஏசியில் காய்ந்த அறையில், அதே ஊர்ப் பிள்ளைகள் வெறுங்கையால் கார்டை உருவுகிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

"ரேக்கை ஒருதரம் தொட்டுட்டேன்" என்பார்கள். தொட்ட நொடிக்குச் சரி, நாலு எட்டு நடந்தால் மறுபடி ஏறிவிடும். நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டைதான் வழி. அதன் கிளிப்பை எர்த் கொடுத்த ரேக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்ட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய ஸ்விட்ச்சில் மாட்டிப் பயனில்லை. பிளக்கோடு அதன் எர்த்தும் போய்விட்டது. பட்டைக்குப் பதில் செம்புக் கம்பியைக் கட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. பட்டையின் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. தவறிக் கரன்ட் கம்பியில் கை பட்டாலும் பட்டை வழியாக உடம்பில் பாய்வதை அதுதான் மட்டுப்படுத்தும்.

நம்பிக்கை: பிளக்கைப் பிடுங்கியாச்சு, இனி எதையும் திறக்கலாம்.

உண்மை: பெரிய ஸ்விட்ச்சுக்குப் பெரும்பாலும் பவர் சப்ளை இரண்டு, வயரும் இரண்டு. எல்லா வயரையும் எடுத்தபின் பவர் சப்ளையை முழுசாக வெளியே இழுக்கலாம்; அந்தத் தகரப் பெட்டியை மட்டும் பிரிக்கக் கூடாது. உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

நம்பிக்கை: கைப்பிடி இருக்கிறது, பிடித்துத் தூக்கலாம்.

உண்மை: பவர் சப்ளையின் கைப்பிடி அதை மட்டும் இழுக்க. மொத்த ஸ்விட்ச்சை அதில் தூக்கினால் பிய்ந்து காலில் விழும். காலியான ஸ்விட்ச் பெட்டியை அடியில் கைகொடுத்து இரண்டு பேர் தூக்குங்கள். ஏற்றியபின், கார்டு போடாத ஸ்லாட்டுக்கு மூடித் தகடு கட்டாயம். இல்லாவிட்டால் காற்றோட்டம் கெடும், பஞ்சுத் தூசியும் உள்ளே போய் உட்காரும்.

அன்றைக்கு மில் எலக்ட்ரீஷியன் வந்து ரேக்கின் எர்த்தைச் சோதித்துக் கொடுத்தார். தம்பி பட்டையை மாட்டிக்கொண்டு, கார்டுகளை ஒவ்வொன்றாக நிலைமின் காப்புப் பைக்குள் போட்டு, மேலே ஸ்லாட் எண்ணை எழுதி ஒட்டினார்.