பெருநாளும் இனிக்காத மனம்

பெருநாள் காலை. உம்மா அவித்த வட்டிலப்பத்தின் ஏலக்காய் வாசம் வீடெங்கும் நிறைந்திருக்கிறது. சின்னவர்கள் புது உடுப்போடு முற்றத்தில் ஓடுகிறார்கள். போன வருடம் வரை முதல் கிண்ணத்துக்குச் சண்டை பிடித்த மூத்த மகள் மட்டும் அறையில் இருக்கிறாள். "எனக்கு வேணாம் உம்மா" என்கிறாள். அவள் அழவில்லை, கோபமும் இல்லை. எதுவும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பார்க்கும் நாம் என்ன சொல்வோம்? "சோம்பல்", "போன் பார்த்துக் கெட்டது", "ஈமான் குறைஞ்சிட்டு" என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வோம். மருத்துவம் இந்நிலைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் மகிழ்ச்சி காண முடியாமற் போவதை 'அன்ஹெடோனியா' என்பர். பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1896ஆம் ஆண்டில் இச்சொல்லை அறிமுகப்படுத்தினார். தமிழில் 'இன்பமின்மை' எனலாம். மனச்சோர்வு நோயின் இரண்டு பிரதான அறிகுறிகளில் இது ஒன்று. மற்றையது நீங்காத துக்கம். ஆகவே, கவலை முகத்தில் தெரியாத பிள்ளைக்கும் மனச்சோர்வு இருக்கலாம்.

மூளையில் நடப்பது என்ன?

பிபிலைத் தோடம்பழம் ஒன்றை உரிக்கிறீர்கள். சுளை நாவில் படுவதற்கு முன்பே, அந்த வாசத்திலேயே வாய் ஊறுகிறது. மூளையின் ஆழத்திலுள்ள 'ஸ்ட்ரையேட்டம்' என்ற பகுதியும், அங்கு சென்று சேரும் டோபமைன் என்ற இரசாயனமும் இந்த எதிர்பார்ப்பில் பெரும் பங்கு வகிக்கின்றன. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து இதை ஆராய்ந்தார். தொடக்கத்தில் சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்புக்கலங்கள் துடித்தன. சாறு வரப்போவதை உணர்த்தும் சைகையைக் குரங்கு பழகிய பின்னர், அந்தச் சைகைக்கே துடித்தன. எதிர்பார்த்த சாறு வராதபோது அவற்றின் துடிப்புக் குறைந்தது.

'வேண்டும்' என்ற நாட்டமும் 'இனிக்கிறது' என்ற சுவைப்பும் மூளையில் ஒன்றல்ல என்பதை கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் காட்டினார். டோபமைன் முக்கியமாக நாட்டத்தோடு தொடர்புடையது. அதனால்தான், உண்டால் இனிக்கக்கூடிய ஒன்றையும் எடுத்து உண்ணத் தோன்றாத நிலை சிலருக்கு ஏற்படுகிறது.

கட்டிளமைப் பருவத்தினரிடம் இதைச் சோதித்த பெரிய ஆய்வுகளுள் 'இமாஜென்' ஒன்று. ஐரோப்பாவில் 14 வயதுடைய பிள்ளைகள் இதில் சேர்க்கப்பட்டனர். மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் இருந்தவாறே அவர்கள் ஒரு சிறு விளையாட்டை விளையாடினார்கள். விரைவாகப் பொத்தானை அழுத்தினால் புள்ளி கிடைக்கும். மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள பிள்ளைகளிடம், பரிசை எதிர்பார்க்கும் வேளையில் ஸ்ட்ரையேட்டத்தின் எழுச்சி குறைவாக இருந்தது. 14 வயதில் நலமாக இருந்தும் இந்த எழுச்சி குறைந்திருந்தவர்களில், இரண்டு ஆண்டுகளின் பின் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாகத் தோன்றின என்று 2015இல் வெளியான கட்டுரை கூறியது. இது கூட்டத்தை வைத்துக் கண்ட போக்கு. தனியொரு பிள்ளையின் தலைவிதியை இதைக்கொண்டு எழுத முடியாது.

நம் முன்னோர் அறிந்தது

துக்கம் ஈமானின் குறைபாடு என்றால், மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போனதை அல்குர்ஆன் ஏன் எடுத்துரைக்கிறது? ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துக்கம் வேறு என்று பிரித்த அவர், பின்னையது உடலிலிருந்து எழுவது என்றும் அதற்கு உடல் வைத்தியமும் தேவை என்றும் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் கண்டதை நாம் இன்று மறக்கலாமா?

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே, பரீட்சைக் களைப்பும் ஓரிரு நாள் சலிப்பும் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் படிப்பும் குலைந்தால், ஏசாதீர்கள். "உனக்கு என்ன குறை?" என்று கேட்பதைவிட "எப்போதிருந்து மகள் இப்படி?" என்று கேளுங்கள். துஆவும் செய்யுங்கள், மருந்தும் தேடுங்கள். இரண்டும் முரணல்ல.

மாணவிகளே, ஆசை வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திராதீர்கள். இந்நிலையில் ஆசை பிந்தித்தான் வரும். பத்து நிமிட நடை, பூச்செடிக்குத் தண்ணீர், தோழியோடு ஒரு பேச்சு எனச் சிறியவற்றை முதலில் செய்யுங்கள். இவ்வாறு செயலிலிருந்து மனத்தை எழுப்புவதும் ஒரு சிகிச்சை முறையே. அதற்கும் மனம் அசையாவிட்டால் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியையிடம் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

அறைக் கதவைத் தட்டி, கிண்ணத்தை அருகில் வைத்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஓர் உம்மா போதும். மகள் அன்று உண்ணாமல் இருக்கலாம். ஆனால் தான் தனியாக இல்லை என்பதை அறிந்துகொள்வாள். அங்கிருந்துதான் சுகம் தொடங்குகிறது.