வீட்டு வேலையும் சுன்னத்தே

வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலை பல குடும்பங்களில் உம்மா ஒருவர் தலையிலேயே விழுகிறது. அதனால்தான் அது சலிப்பாகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசை செய்வார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது.

மஃரிப் தொழுததும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லோரும் சேர்ந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் அலமாரித் தட்டு போதும். பிள்ளைகள் துணி மடிக்கட்டும். வாப்பா தட்டைத் துடைக்கட்டும். அணியாமல் கிடக்கும் நல்ல உடைகளைத் துவைத்துத் தனிப் பையில் சேருங்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். அலமாரியில் இடம் கிடைக்கும். ஸதகாவின் நன்மையும் சேரும். இஷாவுக்கு முன் உம்மாவும் சற்று உட்காரலாம், இன்ஷா அல்லாஹ்.