உப்புத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு ஏழு சொல்

பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி, ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் என்று கடல் நெருங்க நெருங்கக் கிணறுகளில் உப்பு கூடுகிறது. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் கடல்நீரே நிலத்தடியில் ஏறியிருக்கிறது. கால்வாயில் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரை நம்பி விவசாயத்துக்கு வரும் தம்பி தங்கைகளே, இதை மனதில் வையுங்கள்.

1. நாக்கை நம்பாதீர்கள், சோதனை செய்யுங்கள். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை பாருங்கள்.

2. உப்புக்குக் கணக்கு வையுங்கள். மின்கடத்துத்திறன் 2 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். அதாவது ஒரே பாய்ச்சலில் 250 கிலோவுக்கு மேல் உப்பு வயலுக்குள் வருகிறது. தண்ணீரைப் பயிர் குடிக்கும், வெயில் உறிஞ்சும். உப்பு அங்கேயே கிடக்கும்.

3. ஈரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உப்பு தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். வேரால் இழுக்க முடியாததால்தான் உவர் வயலில் மண் ஈரமாக இருக்க, பயிர் வாடுகிறது. மண்ணின் நீர் பாதியாக வற்றினால் மிச்ச நீரில் உப்பு இரட்டிப்பாகும். ஆகவே வயலை நன்றாகக் காயவிட்டுப் பாய்ச்சாதீர்கள். இடைவெளியைக் குறையுங்கள்.

4. உப்பு வெளியேற வழி வையுங்கள். பயிரின் தேவைக்கு மேல் கொஞ்சம் பாய்ச்சினால்தான் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். மின்கடத்துத்திறன் 1.5 உள்ள தண்ணீரில் நெல் வைத்தால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். வடிகால் அடைத்திருந்தால் இந்த முயற்சி வீண். பிசானப் பருவ நெல்லுக்கு ஆற்றுத் தண்ணீர் வரும்போதும் ஐப்பசி மழையிலும் வரப்பை உயர்த்தி, தேக்கி, வடியவிடுங்கள்.

5. உவரையும் களரையும் பிரித்தறியுங்கள். உவர் நிலத்தின் உப்பை நல்ல தண்ணீர் கழுவிவிடும். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணைச் சிதைத்துத் துளைகளை அடைத்துவிடும். மேலே தண்ணீர் நிற்கும், அடியில் ஈரம் இறங்காது, காய்ந்தால் பொருக்குத் தட்டும். அதற்குச் சோதனை சொல்லும் அளவு ஜிப்சம் இட்டுத் தண்ணீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும்.

6. தண்ணீருக்கேற்ற பயிரை வையுங்கள். வாழை உப்பைத் தாங்காது. இலை ஓரம் கருகும். பருத்தியும் தென்னையும் தாங்கும். நெல், இளநாற்றிலும் கதிர் உருவாகும்போதும்தான் அதிகம் அடிபடும். முற்றிய நாற்றை, குத்துக்குக் கூடுதலாக வைத்து நடுங்கள். களர் நிலத்துக்கு திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி தந்த டி.ஆர்.ஒய். 3 ரகம் இருக்கிறது.

7. சொட்டுநீரிலும் கவனம் வேண்டும். ஈரம் முடியும் ஓரத்தில் உப்பு சேரும். முதல் தூறல் அதை வேருக்குத் தள்ளும். அதனால் மழை நன்றாகப் பிடிக்கும்வரை சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். இலைமேல் தெளிக்கும் பாசனம் வேண்டாம்.

இத்தனையும் செய்தாலும் பக்கத்து வயல்காரரின் வடிகால் தூர்ந்திருந்தால் உங்கள் உப்பு உங்களிடமே நிற்கும். எனவே விதை வாங்குவதற்கு முன்பே ஊராரைக் கூட்டி வடிகாலைத் தூர்வாருங்கள்.