ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானையில் உள்ள நீரும், அடியில் எரியும் நெருப்பும் எல்லா அரிசிக்கும் பொதுவானவை. ஆதலால் ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும் எனத் துணியலாம். மாந்தர் திறனையும் அவ்வாறே ஒரு பருக்கையைக் கொண்டு அறிய இயலுமா? இவ்வினா அமெரிக்க நாட்டின் கல்லூரிக் கூடைப்பந்து அரங்குகளில் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் எழுகின்றது.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டில், அந்நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நேஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் தோற்றுவிக்கப்பட்டது. இன்று முதல் தரப் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. தொழில்முறை அணிகள் தமக்கு வேண்டிய இளைஞர் பலரை இக்கல்லூரிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கின்றன. ஆகவே, நவம்பரில் ஆட்டப் பருவம் தொடங்கி ஐந்தாறு ஆட்டங்கள் முடிந்தவுடனேயே, புதிதாய் வந்த பதினெட்டு வயது இளைஞர்களின் எண்களைப் பலரும் ஆராயத் தொடங்கிவிடுகின்றனர். ஒருவன் வருங்காலப் பெருவீரன் எனப் போற்றப்படுகின்றான்; மற்றொருவன் பயனற்றவன் எனத் தள்ளப்படுகின்றான்.

இம்முடிவுகள் விரைவில் பொய்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. பருவத்தின் முதல் வாரங்களில் எதிர்ப்படும் அணிகள் ஒரே தரத்தன அல்ல. பெரிய கல்லூரிகள் பொருள் கொடுத்துச் சிறு கல்லூரிகளைத் தம் அரங்கிற்கு வரவழைத்து ஆடுவதுண்டு. புத்தாண்டையொட்டியே, ஒன்றன் ஆட்டத்தை மற்றொன்று நன்கறிந்த கூட்டமைப்புக் கல்லூரிகள் தமக்குள் மோதத் தொடங்கும். 2017இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்திற்காக ஆடத் தொடங்கிய டிரே யங், டிசம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தில், தோழர்கள் கூடையிடுவதற்கு ஏற்றவாறு 22 முறை பந்தை வழங்கிக் கல்லூரிச் சாதனை ஒன்றைச் சமன் செய்தார். முதல் 16 ஆட்டங்களில் 14இல் வென்ற அவரது அணி, எஞ்சிய 16 ஆட்டங்களில் 4இல் மட்டுமே வென்றது. எனினும், பருவ முடிவில் புள்ளிகளிலும், தோழர்க்குப் பந்து வழங்குவதிலும் நாட்டில் முதலிடம் பெற்றவர் அவரே. தொடக்க எண்களில் மிகையும் இருந்தது, மெய்யும் இருந்தது.

எதிரணிகள் அனைத்தும் ஒரே வலிமையுடையனவாயினும் குறை தீராது. தற்செயல் என்பது ஒன்றுண்டு. தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று, நூறு எறிகளில் 35ஐக் கூடையில் சேர்க்கும் ஆற்றலுடையோர் நூறு பேர் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் 20 முறை எறிகின்றனர். ஒருவருக்கு ஏழு கூடைகளே எதிர்பார்க்கத் தக்கவை. ஆயினும், நிகழ்தகவுக் கணக்கின்படி, அவர்களுள் ஏறத்தாழ 12 பேர் பத்துக் கூடைகளோ அதற்கு மேலோ இடுவர். ஏறத்தாழ வேறு 12 பேர் நான்கோ அதற்குக் குறைவாகவோ இடுவர். பார்ப்போர் முன்னவரை மேதைகள் என்பர். பின்னவரைக் குறி தவறுவோர் என்பர். நூறு பேரும் ஒரே திறனுடையவர் என்பதை அந்த இருபது எறிகள் காட்டமாட்டா.

இதற்குக் கணிதத்தில் ஒரு மருந்து உண்டு. கண்ட எண்ணைப் பொதுச் சராசரியோடு கலந்து எடைபோட வேண்டும். இருபதில் பத்து இட்டவன் கணக்கோடு, சராசரி ஆட்டக்காரன் ஒருவனின் நூறு எறிகளையும் அவற்றிற்குரிய 35 கூடைகளையும் சேர்த்தால், 120 எறிகளில் 45 கூடைகள் ஆகும். அஃதாவது நூற்றுக்கு முப்பத்தேழரை. நூறு என்பது இங்கே சான்றுக்குக் கொண்ட அளவு. திறனுக்குத் திறன் அது மாறும். அவன் மேலும் மேலும் எறிய எறிய, சேர்க்கப்பட்ட எண்ணின் வலி குறைந்து, அவனது சொந்த எண்ணின் வலி ஓங்கும்.

இம்முறையின் சிறப்பை பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்னும் அறிஞர் இருவர் வேறொரு விளையாட்டைக் கொண்டு விளக்கினர். அமெரிக்கத் தளப்பந்தில், 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 18 வீரர்களின் முதல் 45 மட்டைவாய்ப்புகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ராபர்ட்டோ கிளமெண்டி அவற்றுள் 18 முறை வெற்றியடி அடித்திருந்தார். தர்மன் மன்சனோ 8 முறையே அடித்திருந்தார். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால், முன்னவர் 400, பின்னவர் 178. எஞ்சிய பருவத்தில் முன்னவர் 346ஆக இறங்கினார். பின்னவர் 316ஆக ஏறினார். அவ்வாண்டில் தம் பிரிவின் சிறந்த புதுவீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த மன்சனே!

எல்லா எண்களும் ஒரே விரைவில் உண்மையைச் சொல்வதில்லை. தொலைவெறி எத்தனை கூடையில் விழுந்தது என்பது நெடுநாள் ஊசலாடும். ஒருவன் எத்தனை முறை எறியத் துணிகின்றான் என்பது விரைவில் நிலைபெறும். எதிரணியினர் விதி மீறும்போது கிடைக்கும் தடையில்லா எறியில், தடுப்பார் ஒருவரும் இலர்; எதிரணி வலிதாயினும் மெலிதாயினும் தொலைவு ஒன்றே. ஆதலின், கையின் செம்மையை அறிய அது நல்ல சான்றாகும். தேர்வாளர் பலர் தொலைவெறியின் எதிர்காலத்தையும் இதைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். வயதையும் மறத்தலாகாது. பதினெட்டு வயதினன் இட்ட பத்துப் புள்ளியும், இருபத்திரண்டு வயதினன் இட்ட பத்துப் புள்ளியும் ஏட்டில் ஒன்றே. வளர்ச்சிக்கு இருக்கும் இடம் ஒன்றன்று.

மற்றொரு சிக்கல் இவை அனைத்தினும் பெரிது. தொடக்கத்தில் மிகையாகப் புகழப்பட்டவன் தொடர்ந்து களத்தில் ஆடுகின்றான். அவன் எண்கள் தாமே பெருகித் தவற்றைத் திருத்திவிடுகின்றன. தொடக்கத்தில் இகழப்பட்டவனோ பலகையில் அமர்த்தப்படுகின்றான். அவன் கணக்கு அங்கேயே நின்றுவிடுகின்றது. தன்னைப் பற்றிய தீர்ப்பு தவறு என்று காட்டும் வாய்ப்பே அவனுக்கு இல்லை.

வட கரோலினா மாநிலத்து டேவிட்சன் கல்லூரி சிறியது. 2006 நவம்பரில், மெலிந்த உடலினரான ஸ்டீபன் கரி அதற்காகத் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். பெரிய கல்லூரிகள் அவரை விரும்பி அழைத்திருக்கவில்லை. கிழக்கு மிச்சிகன் அணியோடு நடந்த அவ்வாட்டத்தில் அவர் 15 புள்ளிகள் எடுத்தார். ஆனால் 13 முறை பந்தை எதிரணிக்கு இழந்தார். பயிற்றுநர் பாப் மெக்கில்லப் அவரை ஒதுக்கிவிடவில்லை. அடுத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் கரி 32 புள்ளிகள் குவித்தார். அப்பருவத்தின் சராசரி ஆட்டத்துக்கு 21.5 ஆயிற்று. 2009இல் தொழில்முறை அணிக்கு ஏழாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவரே, 2021 டிசம்பரில் தொழில்முறை ஆட்ட வரலாற்றிலேயே மிகுதியான மூன்று புள்ளிக் கூடைகளை இட்டவரானார். முதல் ஆட்டத்தோடு அவர் பலகையில் அமர்த்தப்பட்டிருந்தால், அவர் பெயருக்கு எதிரே 13 என்னும் எண்ணே நின்றிருக்கும். அது பொய்யான எண்ணும் அன்று.