மகாவலிக் கரையில் யாரைக் கேட்டுத் தூண்டில் போடுவது?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். முக்கொம்பு, கொள்ளிடம், கல்லணை என்று திருச்சியைச் சுற்றியே தூண்டில் போட்டுப் பழகியவர்கள். ஜிலேபி, கெண்டை, விரால் தவிர வேறு அனுபவம் இல்லை. வரும் பிப்ரவரியில் முதல் முறையாகக் கடல் கடந்து கண்டிக்கு வந்து, ஒரு வாரம் தங்கி மீன் பிடிக்க ஆசை. விசா, தூண்டில் சாமான், இடம், மீன் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கண்டி ஏரியிலேயே பெரிய மீன்கள் கரையோரம் திரிகின்றனவாமே, அங்கே முயன்று பார்க்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற விஷயங்களில் தவறினால் மீன்தான் போகும், இதில் தவறினால் பொலிஸ் நிலையம் போக நேரும். கண்டி வாவியில் பெரிய மீன்கள் இருப்பது உண்மைதான். கரைச் சுவரோரம் நின்று பொரி போடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். ஆனால் அங்கே மீன் பிடிக்கத் தடை உண்டு. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த வாவி அது, தலதா மாளிகைக்கு நேர் முன்னால் கிடக்கிறது. அங்கே தூண்டிலோடு நிற்பவரை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். (அந்த மன்னன் நாயக்க வம்சத்தவன். ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். கண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் போக்குவரத்து இன்று நேற்று வந்ததல்ல.)

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. கண்டியைச் சுற்றியுள்ள எந்தத் தண்ணீரும் சும்மா கிடக்கவில்லை. சில இடம் கோயிலுக்கு, சில இடம் வனவிலங்குக்கு, சில இடம் மகாவலி அதிகார சபைக்கும் மின்சார சபைக்கும், மிச்சம் வலைபோட்டுப் பிழைக்கிற மீனவருக்கு. ஆகவே கம்பும் சக்கரமும் வாங்குவதற்கு முன் யாரிடம் கேட்பது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் போக வேண்டிய இடம் விக்டோரியா நீர்த்தேக்கம். கண்டியிலிருந்து குண்டசாலை, திகன வழியாகத் தெல்தெனியப் பக்கம் போகிற பாதையில் தண்ணீர் தெரியத் தொடங்கும். 122 மீற்றர் உயரமான அணை, 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் இதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் மிக இறங்கும் வருடங்களில் பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். தூண்டில்காரருக்கு அதுவே எச்சரிக்கை: அடியில் சுவர், மரக்கட்டை எல்லாம் இருப்பதால் ஈயக்குண்டை அடியில் இழுத்தால் நூல் அறுந்துபோகும். மிதவை கட்டிப் போடுவதே நல்லது.

இங்குள்ள மீனவர்கள் சிறு வள்ளங்களில் வலை போடுகிறார்கள். அவர்கள் பிடிப்பதில் பெரும்பங்கு திலாப்பியா, உங்கள் ஜிலேபிதான். உங்கள் நாட்டுக்கு 1952இல் வந்த முதல் ஜிலேபிகளில் ஒரு பகுதி இலங்கையிலிருந்துதான் மண்டபத்துக்குப் போனது, தெரியுமா? ரோகு, கட்லா குஞ்சுகளை நக்டா எனப்படும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை நீர்த்தேக்கங்களில் விடுகிறது. நக்டாவின் பிரதேச உத்தியோகத்தரிடமும், கரையோரக் கிராமத்து மீனவர் சங்கத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். எழுத்தில் அனுமதி தந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தார் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டால் நல்ல இடமும் காட்டுவார், வலை போட்டிருக்கும் இடத்தில் உங்கள் முள் சிக்காமலும் பார்த்துக்கொள்வார். சிக்கிய வலையை அறுத்துவிட்டு ஓடினால் அடுத்த முறை வரும் இந்தியரை யாரும் கரைக்கு விடமாட்டார்கள்.

அணைக்கட்டை ஒட்டிய பகுதியில் தூண்டில் வேண்டாம், அது காவலுள்ள இடம். விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே சரணாலயம் 1987இல் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்குள் எங்கே நிற்கலாம் என்பதை வனஜீவராசிகள் திணைக்களம்தான் சொல்ல வேண்டும். ரந்தெனிகலப் பக்கம் யானை இறங்கும். நக்கிள்ஸ் மலையோடைகளும் ஹோர்ட்டன் சமவெளியும் 2010இல் உலக மரபுரிமையாகப் பட்டியலிடப்பட்டவை. அங்கே பார்த்து மகிழுங்கள், தூண்டிலை அறையிலேயே வையுங்கள். சமவெளியில் வெள்ளைக்காரர் விட்டுப்போன ட்ரவுட் மீன் கதை உங்களுக்கு யாராவது சொல்வார்கள். அது தேசியப் பூங்கா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இனி ஆறு. கெட்டம்பே, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலி ஊரைச் சுற்றி ஓடுகிறது, நடந்தே போகலாம். அதனாலேயே கவனம் தேவை. கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்லை அணை 1976இலிருந்து ஆற்றுநீரைச் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்புகிறது. கதவு மூடியிருக்கும்போது கீழே பாறை காய்ந்திருக்கும், மேலே மழை கொட்டிக் கதவைத் திறந்தால் சற்று நேரத்திலேயே பாறை மூழ்கும். நடு ஆற்றுப் பாறையில் ஏறி நின்று பிடிக்கவே வேண்டாம். கரையில் தண்ணீர் விளிம்பிலே ஒரு குச்சியை நட்டு வையுங்கள், அது நனைந்தால் சாமானை எடுத்துக்கொண்டு மேலேறுங்கள். நீந்தத் தெரியும் என்று சொல்லாதீர்கள், இந்த ஆறு நீச்சல்காரரையும் கொண்டுபோயிருக்கிறது.

ஆற்றில் அகப்படுவதையெல்லாம் பைக்குள் போடவும் முடியாது. மேல் மகாவலியில் லேபியோ ஃபிஷெரி என்ற மீன் இருக்கிறது. இலங்கையில் மட்டுமே உள்ள இனம், அழிவின் விளிம்பில் நிற்பது. மஹசீரைச் சிங்களத்தில் லேல்லா என்பார்கள். இவையோ, பெயர் தெரியாத எதுவோ முள்ளில் வந்தால், கையை நனைத்துப் பிடித்து, முள்ளைக் கழற்றி, உடனே விட்டுவிடுங்கள். எதிர்க்கூர் இல்லாத முள் கொண்டுவந்தால் இது சுலபம். சமைக்கத் திலாப்பியா போதும்.

சாமான் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நாலு துண்டாகக் கழற்றும் பயணக் கம்பு, நடுத்தரச் சக்கரம், மிதவை, கொஞ்சம் முள். முள்ளும் கத்தியும் கைப்பையில் வேண்டாம், அனுப்பும் பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் இருந்தால் அதை மட்டும் கைப்பையில். இரை இங்கேயே கிடைக்கும்: பாண் உருண்டையும் மண்புழுவும் போதும். மண்ணோடு புழுவையோ உயிர் மீனையோ கொண்டுவராதீர்கள். கொள்ளிடத்தில் நனைந்த வலைப்பை, காலணி, நூல் எல்லாவற்றையும் சோப்பில் கழுவி, வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்த பிறகே கட்டுங்கள். இது சும்மா சுத்தம் பார்ப்பதல்ல. திலாப்பியாவைக் கொல்லும் வைரஸ் இந்தியாவில் 2018இல் உறுதியானது. இங்கே பல குடும்பங்களின் சோறு அந்த மீன்தான்.

நாடு தாண்டும் விஷயத்துக்கு வருகிறேன். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்ல வேண்டும். மின்னணுப் பயண அனுமதியை அரசாங்கத் தளத்திலேயே எடுங்கள். அந்த முகவரியைப் போலவே இருக்கும் தனியார் தளங்கள் பல, வீணாகப் பணம் பிடுங்கும். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் மாதத்தில் பாருங்கள். சுற்றுலா அனுமதியில் வந்து பிடித்த மீனை விற்காதீர்கள், சமையல்காரருக்குக் கொடுத்தால் போதும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கப்பலை யோசிக்கிறீர்களா? நல்ல பயணம்தான். ஆனால் வடக்குக் கடலில் தூண்டில் வேண்டாம். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடல் எல்லையை வரைந்தன, வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கான சட்டம் 1979இலிருந்து இருக்கிறது. நீங்கள் கையில் கம்போடு கரையில் நிற்கிறவர், அந்தச் சட்டம் படகுகளைப் பற்றியது. ஆனாலும் ‘இந்தியர் மீன் பிடித்தார்’ என்ற மூன்று வார்த்தை அங்கே எப்படி ஒலிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் தெரிந்தெடுத்த பிப்ரவரி நல்ல மாதம். கண்டியில் மழை குறைந்து தண்ணீர் தெளியும். ஒக்டோபர், நவம்பரில் வராதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் இந்த மாவட்டம் பட்ட மண்சரிவைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரியிலும் போயா தினம் ஒன்று வரும், அன்று தூண்டிலை ஓய்வெடுக்க விடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும். சேற்றில் இறங்குபவர்கள் நீண்ட பூட்ஸ் போடுங்கள், எலிக்காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருகிற நோய். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் கண்டால் ஆற்றில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் எதிர்த்திசைக்காரன். விக்டோரியா எனக்குப் பழகிவிட்டது. இந்தியாவுக்குப் போய்க் காவேரி மஹசீர் ஒன்றைப் பிடித்துப் பார்க்க ஆசை. முதல் வெளிநாட்டுப் பயணம். சாத்தியமா?
– வாசகர், திகன

பதில்: காவேரியின் பெரிய மஹசீருக்கு டோர் ரெமதேவி என்ற விஞ்ஞானப் பெயர் 2018இல்தான் உறுதியானது. அதே வருடம் மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டது. ஆகவே ஆசையைக் கொஞ்சம் சுருக்குங்கள். பழைய புத்தகங்களில் படித்துவிட்டு பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களைத் தேடாதீர்கள், சரணாலயத்துக்குள் இருப்பதால் அங்கே தூண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. குடகில் வால்நூர்ப் பகுதியில் குடகு வனவிலங்குச் சங்கம் அனுமதி கொடுத்து, பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் முறையில் நடத்திய ஆற்றுத் துண்டு ஒன்று உண்டு. இப்போதைய நிலையை அவர்களிடமே கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். விசாவுக்கு நீங்கள் கொழும்புக்கு அலைய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது, இலங்கையருக்குச் சுற்றுலா இ-விசா உண்டு. சந்தேகம் வந்தால் கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. உங்கள் விக்டோரியாச் சாமானையும் போகும் முன் காயவைக்க மறக்காதீர்கள்.